வேறு வேறு சாமி

அய்யாக்குட்டியின் கருப்பட்டிக் கடையில் கருப்பட்டி உடைக்கும் வேலையை மட்டும் அவர் மகன் மாசானத்திடம் யாரும் கொடுப்பதில்லை. மற்றதெல்லாம் அவன்தான். தராசு பிடிப்பான். வருகிறவர்களிடம் வாயாடுவான். ஓலைப்பெட்டியைப் பிரித்து ஒரு துணுக்கை நாக்கில் வைத்தால், சீனி கலந்த சரக்கா சுத்தச் சரக்கா என்று சொல்லிவிடுவான். ஆனால் உடைக்கிற இரும்புக் கம்பியில் அவன் கை பட்டால் போதும், வீட்டுக்குள்ளிருந்து அவன் அம்மா முத்துக்கனியின் குரல் வந்துவிடும். கடைக்குப் பின்னாலேயே வீடு. நடுவில் ஒரு சாக்குப் படுதாதான். அதற்கு அந்தப் பக்கமிருந்து அவளுக்கு எப்படிக் கண் தெரிகிறதென்று தூத்துக்குடியில் எங்கள் தெருவுக்கே ஆச்சரியம்.

"ஏலே, கம்பிய வை கீழ."

"சும்மா பாத்துக்கிட்டுத்தாம்மா இருந்தேன்."

"பாக்கவும் வேண்டாம்."

மாசானத்துக்கு இருபத்திரண்டு வயது. நமக்கெல்லாம் காயம் பட்டால் ரத்தம் கொஞ்சம் வரும், நிற்கும். அவனுக்கு நிற்காது. பால் பல் விழுந்தபோதெல்லாம் தலையணை நனைந்து, வீடே உட்கார்ந்து விழித்திருக்கிறது. வெளியே தெரிகிற ரத்தமாவது பரவாயில்லை. ஒன்றும் நடக்காமலே முழங்காலுக்குள் ரத்தம் இறங்கும். கால் பனங்காயாகப் புடைத்து, தொட்டால் உயிர் போகும். அப்படிப் புடைத்துப் புடைத்து வலது முழங்கால் மடங்கியபடியே நின்றுவிட்டது. கம்பை ஊன்றித்தான் நடப்பான். சவரக்கத்தி ஆகாதென்பதால் தாடி வளர்ந்து கிடந்தது. தெருவில் அவனைச் சாமியார் என்போம். அவனும் கையைத் தூக்கி எங்களை ஆசீர்வதிப்பான்.

வீட்டில் அரிவாள்மணை உத்தரத்துக் கொக்கியில் தொங்கும். சாளை வாங்குவதில்லை, முள் அதிகம். சீலா மீன் வாங்கினாலும் முத்துக்கனி முள்ளை எல்லாம் கையால் எடுத்துப்போட்டுத்தான் மகன் தட்டில் வைப்பாள்.

"எனக்குப் பொண்டாட்டி வந்தா அவளுக்கும் முள்ளெடுத்துக் குடுப்பியாம்மா?"

"வாய மூடிட்டுத் தின்னு."

இந்தக் கஷ்டம் எங்கிருந்து வந்ததென்பதில் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அய்யாக்குட்டியின் குலதெய்வம் செம்மணல் தேரிக்காட்டில் இருக்கிற சாஸ்தா. அய்யாக்குட்டியின் அப்பா அந்தச் சாஸ்தாவுக்கு ஒரு வெண்கல மணி நேர்ந்துகொண்டு, வாங்கிக் கட்டாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். மாசானத்துக்கு ஒரு வயதில் அந்தக் கோயிலில் வைத்து, தாய்மாமன் ஆறுமுகநயினாரின் மடியில் உட்கார்த்திக் காது குத்தினார்கள். குத்தின காது நாலு நாள் ஒழுகியது. பிள்ளை வெளுத்துப் போய்ப் பிழைத்ததே பெரிய காரியம். மணியைப் பிறகு அய்யாக்குட்டி வாங்கிக் கட்டினார். ஒரு மணிக்கு இரண்டு மணியாகக் கட்டினார். பங்குனி உத்திரத்துக்கு உத்திரம் செம்மணலில் பாதம் கொப்பளிக்க வெறுங்காலோடு நடந்தார். சாஸ்தா மனம் இறங்கவில்லை.

முழங்கால் புடைக்கிற ஒவ்வொரு தடவையும் முத்துக்கனி சொல்வது ஒன்றுதான். "உங்க வீட்டுச் சாமி எம் பிள்ளைய இந்தப் பாடு படுத்துது." அய்யாக்குட்டி பதில் சொல்ல மாட்டார். துண்டை நனைத்து மகனின் காலில் போடுவார். அவர் வாயில்லாப்பூச்சி என்று தெருவில் பெயர். இருபது வருஷமாக ஒரே பேச்சைக் கேட்டால் யாருக்குத்தான் வாய் இருக்கும்?

மாசானத்துக்கு அடுத்தவள் சண்முகவடிவு. பத்தொன்பது வயது, கணீரென்ற குரல். அவளையாவது சாஸ்தாவின் கண்ணிலிருந்து தப்பிக்க வைத்துவிட வேண்டுமென்று முத்துக்கனி ஒரு வழி வைத்திருந்தாள். எங்கள் பக்கத்தில் பெண் கழுத்தில் தாலி ஏறிவிட்டால் அவளைப் பிறந்த வீட்டுச் சாமி விட்டுவிடும். புருஷன் வீட்டுச் சாமிதான் இனி அவள் சாமி. நல்லதும் அதுதான், கெட்டதும் அதுதான். ஆத்தூரில் முத்துக்கனியின் அண்ணன் ஆறுமுகநயினாருக்குச் செல்வதுரை என்று ஒரு மகன். வெற்றிலைக் கொடிக்காலில் அப்பாவோடு பாடுபடுகிறவன், ஒரு பீடிகூடத் தொடாதவன். முறை மாப்பிள்ளைதானே. வைகாசியில் முடித்துவிடலாம் என்று பேச்சு. செல்வதுரை கடைக்கு வந்தால் தேவையில்லாமல் தண்ணீர் கேட்பான். சண்முகவடிவும் தேவையில்லாமல் செம்பை விளக்கிக்கொண்டு நிற்பாள்.

புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த காலம் அது. முந்தின வருஷம் மாசானத்துக்கு நாக்கில் பல் பட்டு, ரத்தம் மூன்று நாள் நிற்காமல், மதுரைக்குக் கொண்டு போனார்கள். அங்கேதான் டாக்டர் பிலோமினா அவனைப் பிடித்துக்கொண்டார். மணப்பாட்டுக்காரர். அப்பா தோணியில் பாய் கட்டினவர். இவர் படித்துப் படித்து, வைத்தியம் பார்ப்பதை விட்டு, ரத்தம் ஏன் உறைகிறது, ஏன் உறையாமல் போகிறது என்பதையே வேலையாக வைத்துக்கொண்டு ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டவர். நல்ல ரத்தத்தின் தெளிவை ஐஸாக உறைய வைத்து, மெல்ல இளக விட்டால், அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் தங்கும். அதை ஊசியில் ஏற்றினார்கள். மாசானத்தின் வாயில் ரத்தம் நின்றது. முத்துக்கனி டாக்டரின் காலைத் தொடப் போய், அவர் பின்னால் நகர, அவள் கட்டில் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"ரத்தம் உறையணும்னா பத்துப் பன்னெண்டு சாமான் வேணும் தம்பி. உன்கிட்ட ஒண்ணு மட்டும் இல்ல" என்று டாக்டர் அவனுக்கு விளக்கினார்.

"பாகு காய்ச்சி செரட்டையில ஊத்தியாச்சு. சுண்ணாம்பு சரியில்ல, உறையாமக் கெடக்கு. அப்படித்தான டாக்டரம்மா?"

"அப்படித்தான்னு வச்சுக்கோயேன்."

அவருக்கு மாசானத்திடம் ஒரு தேவையும் இருந்தது. யாருடைய ரத்தத்தில் அந்தச் சாமான் எவ்வளவு இருக்கிறதென்று அளக்க வேண்டுமானால், அது துளிகூட இல்லாத ரத்தம் ஒன்று வேண்டும். அதோடு சேர்த்துத்தான் அளக்க முடியும். மாசானத்தின் ரத்தத்தில் அது அறவே இல்லை. ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் டாக்டர் கடைக்கு வருவார். திரேஸ்புரத்தில் மீனுக்குப் போடுகிற ஐஸை ஒரு பெட்டியில் நிரப்பிக்கொண்டு வந்து, அவனிடம் கொஞ்சம் ரத்தம் எடுத்து, அதில் புதைத்து மதுரைக்குக் கொண்டு போவார். பெட்டி கவிச்சி அடிக்கும்.

"நம்மகிட்ட இல்லாத சாமானுக்கு இவ்வளவு கிராக்கியா?" என்று மாசானம் பெருமைப்பட்டுக்கொண்டான்.

முத்துக்கனிக்கு முதலில் மனசில்லை. "ஒழுகுத பானையிலயா வந்து தண்ணி மோப்பாவ?" என்றாள். ஆனால் ஊசி எடுத்த இடத்தில் டாக்டர் வேறு யாரையும் தொட விடாமல் தானே பஞ்சை வைத்துப் பெருவிரலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ரத்தம் அடங்குகிறவரை, பஸ் போனாலும் சரி, எழுந்திருக்க மாட்டார். அதைப் பார்த்த பிறகு முத்துக்கனி அவருக்குக் கருப்பட்டிக் காப்பி போட ஆரம்பித்தாள்.

தை மாதம் ஒரு காலையில் அப்படி அவர் மாசானத்தின் முழங்கையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் ஆறுமுகநயினார் வந்தார். தோளில் ஈரச்சாக்கில் சுற்றிய வெற்றிலைக் கட்டு. கல்யாணத்துக்கு நாள் குறிக்க என்றைக்கு வரலாம் என்று கேட்க வந்திருந்தார். கடல்காற்றில் கருப்பட்டி கசிகிறதென்று அய்யாக்குட்டி பெட்டிகளைச் சுவரிலிருந்து நகர்த்திக்கொண்டிருந்தார். சண்முகவடிவு காப்பி கொண்டு வந்தாள்.

டாக்டர் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை அவரிடமும் கேட்டார். "அண்ணாச்சி, உங்க வீட்டுல ஆம்பிளப் பிள்ளைங்க யாருக்காவது ரத்தம் நிக்காம இருந்திருக்கா?"

"எங்க வீட்டுல ஒண்ணும் கெடையாதுன்னு எத்தன தடவ சொல்லியாச்சு டாக்டரம்மா" என்றாள் முத்துக்கனி. "எல்லாம் இவிய வீட்டுலதான்."

அய்யாக்குட்டியிடம் டாக்டர் முன்பே கேட்டிருக்கிறார். அவர் அப்பா, தாத்தா, பூட்டன், அவர்களோடு பிறந்தவர்கள் என்று சாஸ்தாவைக் கும்பிடுகிற அத்தனை ஆண்களையும் சொல்லியிருந்தார். ஒருவருக்கும் காலில் முள் குத்தி ரத்தம் நிற்காமல் போனதில்லை. டாக்டருக்கு அதுதான் புரியவில்லை.

"ஆமா, எங்க வீட்டுல அப்படி யாருமில்ல" என்றார் ஆறுமுகநயினார். "ராமர் செத்தது வேற."

"ராமர் யாரு?"

"இவளுக்கு அடுத்து ஒரு தம்பி பெறந்தாம்லா. எனக்கு அப்பம் எட்டு வயசிருக்கும். இவ சின்னப்பிள்ள. ஆத்தங்கரையில இசக்கியம்மன் கோயில்ல வச்சு அவனுக்குக் காது குத்துனாவ. எங்க மாமன் மடியில. ரத்தம் நிக்கல. பஞ்ச வச்சாவ, சாம்பலப் போட்டாவ. மூணாம் நாளு பிள்ள போயிட்டு. பொங்கல் வைக்கும்போது தீட்டுப்பட்ட ஒருத்தி கோயிலுக்குள்ள வந்துட்டான்னு இசக்கிக்குக் கோவம். பொறவு நாங்க கெடா வெட்டிச் சரிபண்ணிட்டோம்."

டாக்டர் மாசானத்தின் கையை அழுத்தியபடியே கேட்டார். "இவனுக்கும் காது குத்தித்தானே ரத்தம் நிக்கல?"

"ஆமா, எம் மடியிலதான். அந்த ரத்தம் இன்னும் எங் கையில இருக்காப்புல இருக்கு." அவர் கைகளைப் பார்த்தார். "அது சாஸ்தா செஞ்சது டாக்டரம்மா. ராமருக்கு நடந்தது இசக்கி. ரெண்டும் வேற வேற சாமில்லா."

இப்படி ஒரு தப்பை எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது. ராமர் கதை அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். மாசானம் கதை கண்ணுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது. இரண்டு பிள்ளைகள், இரண்டு காதுகள், ஒரே மாதிரி ஒழுகிய ரத்தம். ஆனால் ஒன்று இசக்கியின் கணக்கு, இன்னொன்று சாஸ்தாவின் கணக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல நான் வரவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

டாக்டருக்குத் தோன்றிவிட்டது. அவர் முகத்தைப் பார்த்து முத்துக்கனிதான் கேட்டாள். "என்ன டாக்டரம்மா? எதுன்னாலும் சொல்லுங்க."

டாக்டர் தயங்கித்தான் சொன்னார். இந்த நோய் ஆண்களைத் தாக்கும், ஆனால் பெண்கள் வழியாக இறங்கும். சுமக்கிற பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அவளுக்குப் பிறக்கிற ஆண்பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி. பெண்பிள்ளையும் அதேபோல் சுமக்கலாம், சுமக்காமலும் போகலாம்.

"அப்பம் எனக்கு?" என்றார் ஆறுமுகநயினார்.

"உங்களுக்கு வரல அண்ணாச்சி. வராத ஆம்பிள தன் பிள்ளைக்குக் குடுக்க முடியாது. செல்வதுரைக்கு ஒண்ணுமில்ல. உங்க அம்மாகிட்ட இருந்து ராமருக்கு வந்திருக்கு. உங்க தங்கச்சிக்கும் வந்திருக்கு. அவங்ககிட்ட இருந்து மாசானத்துக்கு."

அய்யாக்குட்டி நகர்த்திக்கொண்டிருந்த பெட்டியை அப்படியே விட்டார். முத்துக்கனி எழுந்து உள்ளே போனாள். படுதா ஆடி நின்றது. காப்பி குடிக்காமலே ஆறிக்கொண்டிருந்தது. மாசானம் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிவிடுவான் என்று எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் தன் கையிலிருந்த பஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு மத்தியானம் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. டாக்டர் ஐஸ்பெட்டியோடு போய்விட்டார். முத்துக்கனி அம்மிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அண்ணனை உள்ளே கூப்பிட்டாள். "அண்ணே, வீட்டுல மைனிகிட்ட இதச் சொல்லிராதீங்க. கல்யாணம் முடியட்டும்." ஆறுமுகநயினார் சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. வெற்றிலைக் கட்டை வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

அதற்குப் பிறகு அய்யாக்குட்டி உள்ளே வந்தார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"இருபது வருஷமா உங்களப் பேசிட்டேன். உங்க சாமியப் பேசிட்டேன்."

"சரி."

"காலு வெந்து வெந்து வருவிய. அப்பமும் பேசுனேன்."

"சரி, விடு."

"என்னை ஒரு வார்த்த பேசுங்க. நாலு பேருக்கு முன்ன வச்சுப் பேசுங்க. அப்பதான் எனக்கு ஆறும்."

அய்யாக்குட்டி அவளுக்கு எதிரே கால் மடக்கி உட்கார்ந்தார். அவர் அவ்வளவு பேசி நாங்கள் கேட்டதில்லை. "இங்கரு. இத்தன நாளும் சாமி மேல போட்டோம். சாமி தாங்கிக்கிடும். ஒம் மேல போட்டா நீ தாங்குவியா? அது அங்கனயே கெடக்கட்டும். நீ உல வை. பிள்ளைக பசியா இருக்கு."

அப்போதுதான் அவள் அழுதாள். மாசானம் கடையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு கிழவர் அரைக்கிலோ கருப்பட்டி கேட்க, அவன் ஒரு கிலோ நிறுத்துக் கொடுத்துவிட்டான்.

நாலைந்து நாள் கழித்து சண்முகவடிவு ஆரம்பித்தாள். அப்பாவும் பிள்ளைகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முத்துக்கனி மீன்முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இருக்கான்னு பாக்க முடியுமாம்மா?"

"எதுக்கு?"

"தெரிஞ்சுக்கிடத்தான்."

"தாலி ஏறட்டும். பொறவு பாத்துக்கிடலாம். அண்ணன் வீட்டுல இசக்கியும் சாந்தமாயிட்டா. அங்கன போனா உனக்கு ஒண்ணும் வராது."

"சாமி மாறுனா ரத்தம் மாறுமாம்மா?"

முத்துக்கனியின் கை நின்றது. "நீ இதக் கெளப்பாத. மைனி காதுக்குப் போச்சுன்னா இந்தக் கல்யாணம் நடக்காது. வெளிய யாரு எடுப்பா உன்ன? ஊரெல்லாம் தெரிஞ்சா கடைசிவர இங்கனயே இருக்க வேண்டியதுதான்."

"இருக்கேன். அத்தான்கிட்ட பொய்யா இருக்கதுக்கு இங்கனயே இருக்கலாம்."

"பேச்சப் பாரு." முத்துக்கனி மகனைப் பார்த்தாள், அவன் தன் பக்கம் பேசுவான் என்று. மாசானம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "எப்படியும் டாக்டரம்மாவுக்கு என் ரத்தம் வேணும். இவளயும் கூட்டிட்டுப் போறேன். வழியில எனக்கும் பேச்சுத்தொண."

அய்யாக்குட்டி ஒன்றும் சொல்லாமல் கை கழுவப் போனார். அவர் சரியென்றுவிட்டார் என்பது அதற்கு அர்த்தம்.

மாசி பிறந்ததும் அய்யாக்குட்டியும் பிள்ளைகளுமாக மூன்று பேரும் ரயிலில் மதுரைக்குப் போனார்கள். ஆராய்ச்சிக்கூடம் என்றால் பெரிதாக இருக்குமென்று மாசானம் நினைத்திருந்தான். ஒரு நீள அறை, இரண்டு மேஜை, சுடுதண்ணீர்த் தொட்டி ஒன்று, வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள், ஒரு மூலையில் விட்டுவிட்டு உறுமுகிற குளிர்ப்பெட்டி. அவ்வளவுதான். டாக்டர் இருவரிடமும் ரத்தம் எடுத்தார். தன் கையிலும் இன்னொரு பெண்ணைவிட்டு எடுத்துக்கொண்டார். ஒரு யந்திரத்தில் சுற்றவிட்டதும் மேலே தெளிவு தனியாக நின்றது. பதநீர் நிறம்.

"பாக்கியா தம்பி?"

"பாக்காம? என் சரக்குல்லா."

மூன்று குழாய்களிலும் மாசானத்தின் தெளிவை ஊற்றினார். முதல் குழாயில் வேறொன்றும் சேர்க்கவில்லை. இரண்டாவதில் தன்னுடையது ஒரு துளி. மூன்றாவதில் சண்முகவடிவினுடையது ஒரு துளி. உறைவதற்கு வேண்டிய மருந்தை எல்லாவற்றிலும் விட்டு, தொட்டியின் வெந்நீரில் வைத்து, கையில் கடிகாரத்தோடு குழாய்களை எடுத்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். சாய்த்தால் தண்ணீராக ஓடியது. மறுபடி சாய்த்தார், ஓடியது. இரண்டாவது குழாயைச் சாய்த்தபோது ஓடவில்லை. முட்டையின் வெள்ளைக்கரு வெந்ததுபோல் அடியில் திரண்டு நின்றது.

மாசானம் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு மேஜையைப் பிடித்துக் குனிந்தான். அவன் பிறந்ததிலிருந்து ஓடிக்கொண்டே இருந்த ரத்தம். அது நிற்பதை அவன் பார்த்ததில்லை.

"என் ரத்தமா டாக்டரம்மா இது?"

"உன்னோடதுதான். நான் ஒரு துளி குடுத்தேன், அவ்வளவுதான்."

"அப்பா, இங்க வந்து பாருங்க."

அய்யாக்குட்டி வந்து பார்த்தார். கண்ணாடியைத் தொடலாமா என்று கேட்டு, துண்டில் விரலைத் துடைத்துவிட்டுத் தொட்டார். அந்த நேரத்தில் சண்முகவடிவு மட்டும் மூன்றாவது குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அதைச் சாய்த்தார், ஓடியது. சாய்த்தார், ஓடியது. இன்னும் சாய்த்தார். பிறகு அதுவும் திரண்டது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"உறஞ்சிட்டுல்லா?" என்றான் மாசானம் சந்தோஷமாக. "தங்கச்சி ரத்தத்துலயும் உறஞ்சிட்டு."

"உறஞ்சிருக்கு. லேட்டா உறஞ்சிருக்கு" என்றாள் சண்முகவடிவு.

டாக்டர் மறுபடியும் செய்தார். அதற்குப் பிறகும் ஒருமுறை செய்தார். வேறொரு சோதனையும் செய்து இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். சாயங்காலம் வெளியே வந்து சண்முகவடிவின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நூத்துக்கு நூறுன்னு என்னால சொல்ல முடியாதும்மா. எங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். ஆனா அந்தச் சாமான் உன் ரத்தத்துல பாதிதான் இருக்கு. எனக்குத் தெரிஞ்சவரைக்கும் நீயும் இதைச் சுமக்கிற. உனக்கு ஒரு கஷ்டமும் வராது. பிறக்கிற பையனுக்கு வரலாம்."

"வந்தா?"

"மாசானத்துக்கு அன்னைக்கு மருந்துன்னு ஒண்ணும் இல்ல. இன்னைக்குக் கொஞ்சம் இருக்கு. உன் பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் கூட இருக்கும். அதுக்குத்தான் நான் இங்கே உக்காந்திருக்கேன். அதுக்கு மேல வாக்குக் குடுத்தா பொய்யாயிரும்."

மறுநாள் திரும்பி வருகிற ரயிலில் மாசானம் தங்கச்சியையே பார்த்துக்கொண்டு வந்தான். தன் கால் புடைத்து ராத்திரியெல்லாம் கத்தினபோது பக்கத்தில் விசிறிக்கொண்டிருந்தவள் இவள். இவளுக்கும் ஒருநாள் அப்படி விசிறுகிற வேலை வருமே என்று அவனுக்கு இருந்தது. ஜன்னலில் உப்பளங்கள் வெள்ளையாகத் தெரிந்தபோது, "எனக்கு ஜோடி வருதுன்னு வையி" என்றான். அவள் சிரிக்கவில்லை.

கடைக்கு வந்தபோது வீட்டுக்குள் பேச்சுக்குரல். ஆறுமுகநயினாரும் அவர் மனைவி சங்கரம்மாளும் செல்வதுரையும் வந்திருந்தார்கள். நாள் குறிக்க அன்றைக்கு வருவதாக இருந்ததை, மதுரைப் பயணத்தில் யாரும் நினைக்கவில்லை. சங்கரம்மாள் பெரிய உடம்புக்காரி, நல்ல மனசு, வாய் ஓயாது. வந்ததிலிருந்து முத்துக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். தட்டில் வெற்றிலை, பழம், பூ எல்லாம் எடுத்து வைத்திருந்தாள்.

"வாளா மருமவளே" என்றாள் சண்முகவடிவைப் பார்த்து. "எனக்கு ஒண்ணும் வேண்டாம். அடுத்த வைகாசிக்குள்ள கையில ஒரு பேரனக் குடுத்துரு, போதும்."

முத்துக்கனி தன் கையை இழுத்துக்கொண்டாள்.

மகள் முகத்தை அவள் படுதா விலகினதுமே பார்த்துவிட்டாள். கேட்க வேண்டியிருக்கவில்லை. மறைத்துவிடு என்று சொன்னவளும் அவள்தான். மைனி காதுக்குப் போகக்கூடாது என்று அண்ணனிடம் கெஞ்சினவளும் அவள்தான். அப்படிப்பட்டவள் எழுந்து, எல்லோருக்கும் நடுவில் நின்றுகொண்டு பேச ஆரம்பித்தாள்.

"மைனி, மாசானத்துக்கு இருக்க நோயி சாஸ்தா குடுத்தது இல்ல. என் வழியா வந்தது. எங்கம்மா வழியா எனக்கு வந்தது. இந்தா, இவளுக்கும் வந்திருக்கும்."

"என்னளா சொல்லுத?"

"இருக்கு அத்தை" என்றாள் சண்முகவடிவு. "டாக்டரம்மா பாத்துட்டாவ. எனக்குப் பெறக்கப்போற பையனுக்கு வரலாம். வராமயும் இருக்கலாம்."

சங்கரம்மாள் புருஷனைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

ஆறுமுகநயினார் தலையைக் குனிந்தார்.

"அண்ணன ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் சொல்லாதீங்கன்னு கேட்டேன்" என்றாள் முத்துக்கனி. "சொல்லாமலே முடிச்சிரலாம்னுதான் இருந்தேன். ஆனா நாளைக்கு ஒரு பிள்ளைக்கு ரத்தம் நிக்கலைன்னா நீங்க யாரத் திட்டுவிய? அண்ணனத்தான் திட்டுவிய. அண்ணன் வீட்டு இசக்கியத் திட்டுவிய. ஒரு தப்புஞ் செய்யாத மனுஷன இருபது வருஷம் நான் அப்படித்தான் வறுத்தெடுத்தேன். அவிய நெஞ்சுல எவ்வளவு சூடு கெடக்கோ எனக்குத் தெரியாது. எங்கண்ணனுக்கு அது வரக்கூடாது மைனி."

செல்வதுரை மெல்லச் சொன்னான். "எனக்கு இவதாம்மா."

"நீ சும்ம இரு. பிள்ளைய வளக்கப்போறது நாங்க" என்றாள் சங்கரம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது.

"அத்தான்" என்றாள் சண்முகவடிவு. அவன் முகத்தைப் பார்த்து அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "தெரிஞ்சு எடுக்கதுன்னா வாரேன். பாவம் பாத்து எடுக்கதுன்னா வேண்டாம். அத்தைக்கு மனசில்லன்னா எனக்கு வருத்தமில்ல." கடைசியாகச் சொன்னதில் மட்டும் உண்மை இல்லை. கண் காட்டிக் கொடுத்துவிட்டது.

சங்கரம்மாள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எடுப்பாளோ, விடுவாளோ என்று அய்யாக்குட்டி துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் அவள் முத்துக்கனியைத்தான் கேட்டாள்.

"ஒண்ணு கேக்கேன், மெய்யச் சொல்லு. இவனப் பெறுமுன்ன இதெல்லாம் உனக்குத் தெரிஞ்சிருந்தா பெத்திருப்பியா?"

மாசானம் படுதாவுக்குப் பக்கத்தில் கம்பை ஊன்றி நின்றுகொண்டிருந்தான். முத்துக்கனி அவனைப் பார்த்தாள். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்திருப்பாள். சொல்லவில்லை.

"என்னத்தச் சொல்ல மைனி? வலியில இவன் கத்துத அன்னைக்கெல்லாம், ஏன் பெத்தோம்னுதான் நெனப்பேன். வீக்கம் வத்தி, ஏதாவது கேலி பேசிச் சிரிச்சாம்னா, இவன மாதிரி இன்னும் ரெண்டு பெத்திருக்கலாமேன்னு இருக்கும். அழுத நாளு எத்தன, சிரிச்ச நாளு எத்தனைன்னு நான் எண்ணி வைக்கல."

"நான் எண்ணி வச்சிருக்கேன் அத்தை" என்றான் மாசானம். "சிரிச்ச நாளுதான் கூட."

சங்கரம்மாள் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். மடங்கிப்போன முழங்காலைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புருஷன் பக்கம் திரும்பினாள்.

"பொய் சொல்லுதான். தங்கச்சிக்காக இப்படிப் பொய் சொல்லுத பிள்ள ஒருத்தன் நம்ம வீட்டுலயும் பெறந்தா என்ன? எந்திரிங்க, வைகாசியில நாளப் பாத்துட்டு வாங்க."